12345678987654321: ஒரு பெரிய எண்ணின் ஜாதகத்தைத் தப்பில்லாமல் கணிப்பது எப்படி?

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கணிதக் கண்காட்சி வந்தது. ஆளுக்கு ஒரு பெரிய எண்ணை எடுத்து, அதன் பண்புகளை எல்லாம் ஒரு சார்ட்டில் எழுதி வர வேண்டும். அவள் எடுத்த எண் 12345678987654321. ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏறி, திரும்பவும் ஒன்று வரை இறங்குவது அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

மூன்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து வேலை பார்த்தோம். சார்ட் தயாரானது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏம்மா, கடைசி இலக்கம் 1. இது எப்படி 2-ஆல வகுபடும்?" என்று கேட்டார். சார்ட்டில் கொட்டை எழுத்தில் 2² × 3 × 5² என்று தொடங்கும் காரணிகளை எழுதி வைத்திருந்தோம். மூன்று நாள் உழைப்பும் வீண். கண்காட்சிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்த நான்கு நாளில் முதலிலிருந்து ஆரம்பித்து முடித்தோம். நாங்கள் மாட்டிக்கொண்ட இடங்களில் நீங்களும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வேறு எண்ணை எடுத்திருந்தாலும் படிகள் இதேதான், விடைகள் மட்டும் மாறும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாதகம் என்று நான் சொல்வது எண்ணின் காரணிகள், வகுத்திகள், அதன் உள் அமைப்பு. பெயர்ப் பொருத்தம் பார்க்கும் நியூமராலஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் வந்து நிற்கும், நேரம் போய்விடும்.

தொடங்கும் முன்: கையில் என்ன வேண்டும், எவ்வளவு செலவு

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று அவசியம். பதினேழு இலக்க எண்ணைக் கோடு போட்ட தாளில் கூட்டினால் இலக்கங்கள் நகர்ந்துவிடும். கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் பாதித் தப்பு குறையும்.

அடுத்தது, 577 வரையிலான பகா எண்களின் பட்டியல். மொத்தம் 106 எண்கள், ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஏன் 577 என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

மூன்றாவது, ஒரு பதிவுத் தாள். மூன்று பத்தி போடுங்கள். முதலில் நாம் சொல்வது என்ன, அடுத்து எப்படிக் கண்டுபிடித்தோம், கடைசியில் எப்படிச் சரிபார்த்தோம். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் எதுவும் சார்ட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் முதல் முயற்சியில் இந்தத் தாள் இல்லை. இருந்திருந்தால் அந்த 2² அன்றைக்கே மாட்டியிருக்கும்.

நோட்டு, இரண்டு சார்ட், ஸ்கெட்ச் பேனா எல்லாம் சேர்த்து எங்களுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பைத்தான் என்ற நிரல் மொழி இலவசம், அது ஒன்றே போதும். அதுவும் சரிபார்க்க மட்டும்தான். இந்த எண்ணைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் கையாலேயே செய்துவிடலாம். நேரம், தப்பான வழியை விட்டுவிட்டுச் சொன்னால், மூன்று மாலைப்பொழுது.

படி 1: எண்ணை முதலில் சரியாகப் பதியுங்கள் (15 நிமிடம்)

நாங்கள் சறுக்கியது இங்கேதான். எண்ணை ஸ்ப்ரெட்ஷீட்டில் தட்டினோம். கட்டத்தில் என்னமோ சுருக்கமாகத் தெரிந்தது, அகலப்படுத்தி முழு எண்ணாகக் காட்டச் சொன்னோம். 12345678987654300 என்று வந்தது. கடைசி இரண்டு இலக்கம் பூஜ்யமானதை இருவருமே கவனிக்கவில்லை. ஸ்ப்ரெட்ஷீட்கள் பொதுவாக 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் நாம் காரணி கண்டுபிடிப்பது வேறு ஏதோ எண்ணுக்கு. அந்த வேறு எண் 100-ஆல் வகுபடும், அதனால்தான் எங்களுக்கு 2²-உம் 5²-உம் கிடைத்தன.

போன் கால்குலேட்டரையும் நம்பிவிடாதீர்கள். பல நிரல்களும் செயலிகளும் எண்ணைத் தசமப் புள்ளி எண்ணாகச் சேமிக்கும்போது 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைத்திருக்கும். அதாவது 2⁵³. நம் எண் அதைத் தாண்டியது. தாண்டிய இடத்தில் இரட்டைப்படை எண்கள் மட்டுமே நிற்கும், எனவே நம் 321 அங்கே 320 ஆகிவிடும்.

பைத்தானில் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு பற்றிய கவலை இல்லை. ஆனால் வகுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒற்றைச் சாய்கோடு போட்டு 2-ஆல் வகுத்துப் பாருங்கள். 6172839493827160.0 என்று வரும். அரை எங்கேயோ காணாமல் போய், மீதியில்லாமல் வகுபட்டது போலவே தெரியும். இரட்டைச் சாய்கோடு போட்டால் ஈவு மட்டும் வரும், சதவீதக் குறி போட்டால் மீதி மட்டும் வரும். இந்த இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

நோட்டில் எழுதும்போது காற்புள்ளி விஷயத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நம் முறையில் 12,34,56,78,98,76,54,321. மூன்று மூன்றாகப் பிரித்தால் 12,345,678,987,654,321. இரண்டையும் கலந்து எழுதினால் ஒரு கட்டத்தில் இலக்கம் விட்டுப்போகும். படிப்பதற்கு நம் முறை நல்லது. சோதனை செய்வதற்கு மூன்று மூன்றாகப் பிரிப்பது நல்லது, காரணம் அடுத்த படியில் இருக்கிறது. எழுதி முடித்ததும் இலக்கங்களை விரல் வைத்து எண்ணுங்கள். பதினேழு வர வேண்டும்.

படி 2: கைச் சோதனைகள் (அரை மணி நேரம்)

கடைசி இலக்கம் 1. ஆகவே 2-உம் 5-உம் இல்லை.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 81. ஆகவே 9-ஆல் நிச்சயம் வகுபடும். இங்கே அவசரப்பட்டு, "81 வந்துவிட்டது, அதனால் 81-ஆலும் வகுபடும்" என்று எழுதிவிடக் கூடாது. 3-க்கும் 9-க்கும் மட்டும்தான் இந்த விதி. 1899-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27 வரும், ஆனால் 1899 27-ஆல் வகுபடாது. நம் எண் 81-ஆல் வகுபடத்தான் செய்கிறது, ஆனால் அதைத் தனியாக வகுத்துத்தான் காட்ட வேண்டும். 9-ஆல் வகுத்தால் 1371742109739369. மறுபடி 9-ஆல் வகுத்தால் 152415789971041. இரண்டு முறையும் மீதி இல்லை. தன் இலக்கக் கூட்டுத்தொகையாலேயே வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் மகாராஷ்டிராவில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர். நம் எண்ணின் வகையைச் சேர்ந்த 121, 12321 போன்றவற்றுக்கு டெம்லோ எண்கள் என்று பெயர் வைத்தவரும் அவரே. சார்ட்டில் ஒரு வரி போடலாம்.

இப்போது மூன்று மூன்றாகப் பிரித்ததைக் கூட்டுங்கள்: 12 + 345 + 678 + 987 + 654 + 321 = 2997. அது 999-இன் மூன்று மடங்கு. மூன்றிலக்கத் துண்டுகளின் கூட்டுத்தொகை 999-ஆல் வகுபட்டால் எண்ணும் 999-ஆல் வகுபடும். 999 = 27 × 37. ஒரே கூட்டலில் 37 வெளியே வந்துவிட்டது. எங்கள் முதல் முயற்சியில் 7, 11, 13, 17 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போய் ஒரு ராத்திரி முழுக்கச் செலவழித்தோம், அதுவும் தப்பான எண்ணை வைத்து.

ஒன்பது இலக்கமாகப் பிரித்தால் இன்னும் அழகு. வலப்பக்கம் 987654321, இடப்பக்கம் 12345678. கூட்டுங்கள். 999999999. கட்ட நோட்டில் ஒன்பது ஒன்பதும் வரிசையாக விழுந்ததும் என் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனவே நம் எண் 999999999-ஆல் வகுபடும், ஈவு 12345679. இந்த ஈவில் 8 கிடையாது. பழக்கத்தில் கை 12345678 அல்லது 123456789 என்று எழுதிவிடும், ஜாக்கிரதை.

7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை போதும். துண்டுகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 321 − 654 + 987 − 678 + 345 − 12 = 309. இந்த 309 அந்த மூன்றில் எதனாலும் வகுபடாது. ஆகவே எண்ணும் வகுபடாது.

படி 3: வர்க்கமூலம் எடுங்கள் (20 நிமிடம்)

எந்தப் பெரிய எண்ணானாலும், காரணி தேடும் முன் அது முழு வர்க்கமா என்று பார்த்துவிடுங்கள். முழு வர்க்கமாக இருந்தால் வேலை பாதிக்கும் கீழே குறையும். பதினேழு இலக்க எண்ணுக்குப் பதில் ஒன்பது இலக்க எண்ணை உடைத்தால் போதும்.

பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் நீள் வகுத்தல் முறையே இதற்குப் போதும். வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 1, 23, 45, 67, 89, 87, 65, 43, 21. ஒன்பது துண்டு, ஆகவே மூலத்தில் ஒன்பது இலக்கம். முதல் துண்டுக்கு 1. அடுத்து 23 இறங்கும், 21 × 1 கழிந்தால் மீதி 2. 45 இறங்கி 245 ஆகும், 221 கழிந்தால் 24. அப்புறம் 2467-இல் 2221 போக 246. பிறகு 24689-இல் 22221 போக 2468. ஒவ்வொரு முறையும் ஈவில் 1 தவிர வேறு எதுவும் வராது. மீதிகளைப் பாருங்கள்: 2, 24, 246, 2468. அதற்கப்புறம் இறங்குமுகம்: 24666, 244444, 2222222, கடைசியில் 0. வர்க்கமூலம் 111111111.

இந்தக் கணக்கை அப்படியே சார்ட்டின் நடுவில் எழுதுங்கள். கண்காட்சியில் பெரும்பாலானவர்கள் நின்று பார்த்தது இதைத்தான்.

படி 4: மூலத்தை உடையுங்கள் (10 நிமிடம்)

111111111-ஐ மூன்று மூன்றாகப் பார்த்தால் வழி தானாகத் தெரியும். 111, 111, 111. அதாவது 111 × 1001001. 111 = 3 × 37. 1001001-இன் இலக்கக் கூட்டு 3, ஆகவே 3-ஆல் வகுபடும், ஈவு 333667.

சேர்த்து எழுதினால் 111111111 = 3² × 37 × 333667. எண்ணின் முழுக் காரணிப்படுத்தல் 3⁴ × 37² × 333667².

அடுக்குகளை இரட்டிப்பதை மறந்துவிடாதீர்கள். மூலத்தின் காரணிகளை அப்படியே எண்ணின் காரணிகளாக எழுதிவிடுவது சுலபமாக நடக்கும் தப்பு. ஒவ்வொரு பகாக் காரணியையும் ஒரு தடவை மட்டும் எடுத்துப் பெருக்கினால் 3 × 37 × 333667 = 37037037. இதையும் சார்ட்டில் போட்டோம், பார்க்க அழகான எண்.

படி 5: 333667 பகா எண் என்று நிரூபியுங்கள் (ஒரு மணி நேரம்)

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "333667 பகா எண் என்று போட்டிருந்தது" என்றால் அது நிரூபணம் ஆகாது. யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்.

சாதாரண வழி இது. 333667-இன் வர்க்கமூலம் 577-க்குச் சற்று மேல், 578-க்குக் கீழ். எனவே 577 வரை உள்ள 106 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்து, ஒன்றும் வகுக்கவில்லை என்றால் அது பகா எண். கையால் செய்தால் மூன்று மணி நேரமாவது ஆகும். நடுவில் தப்பு நுழைய இடம் நிறைய.

நாங்கள் பிடித்த குறுக்கு வழி இது. 333667 × 2997 = 999999999. 3000-ஆல் பெருக்கி 1001001000, அதிலிருந்து மூன்று மடங்கான 1001001-ஐக் கழித்தால் வந்துவிடும். ஆகவே 333667-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 999999999-ஐயும் வகுக்கும். அப்படியென்றால் 1-ஐ அந்தப் பகா எண்ணால் வகுத்தால் வரும் தசமம், ஒன்பது இலக்கத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். திரும்பும் நீளம் 9 ஆக இருக்கலாம், அல்லது 9-ஐ வகுக்கும் 3 அல்லது 1 ஆக இருக்கலாம். நீளம் 1 என்றால் அது 9-ஐ வகுக்கும் பகா எண், அதாவது 3. நீளம் 3 என்றால் 999-ஐ வகுக்க வேண்டும், அதாவது 37. இந்த இரண்டையும் கையோடு தள்ளிவிடலாம். 333667-இன் இலக்கக் கூட்டு 28, ஆகவே 3 இல்லை. 333 + 667 = 1000, அது 999-ஐவிட ஒன்று அதிகம், ஆகவே 37-ஆல் வகுத்தால் மீதி 1.

மிச்சம் இருப்பவற்றின் நீளம் 9 மட்டுமே. திரும்பும் நீளம் எப்போதும் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவதை வகுக்கும். ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்வது இதைத்தான். ஆகவே நாம் தேடும் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 9-இன் மடங்கு வர வேண்டும். அந்தப் பகா எண் ஒற்றைப்படை, ஆகவே 18-இன் மடங்கே வர வேண்டும். 577 வரை அப்படிப்பட்டவை பதினேழுதான்: 19, 37, 73, 109, 127, 163, 181, 199, 271, 307, 379, 397, 433, 487, 523, 541, 577. இதில் 37-ஐ ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மிச்சம் பதினாறு வகுத்தல்.

106 வகுத்தல் பதினாறாகிவிட்டது. மகள் ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் செய்தாள், நான் பெருக்கிச் சரிபார்த்தேன். 19-க்கு மீதி 8. 109-க்கு 18. 163-க்கு வந்தபோது 163 × 2047 = 333661, மீதி வெறும் 6. அந்த இடத்தில் மூச்சே நின்றுவிட்டது. 523-உம் அப்படித்தான், 523 × 638 = 333674, ஏழு அதிகமாகிவிட்டது. கடைசியாக 577 × 578 = 333506, மீதி 161. பதினாறும் மீதியோடு முடிந்தன. 333667 பகா எண்.

மீதி சின்னதாக வரும் இடங்களில் இரண்டு தடவை வகுத்துப் பாருங்கள். ஓர் இலக்கப் பிசகு மொத்த முடிவையும் மாற்றிவிடும்.

படி 6: வகுத்திகள் எத்தனை, கூட்டினால் எவ்வளவு (ஒரு மணி நேரம்)

எண்ணிக்கை சுலபம். அடுக்குகள் 4, 2, 2. ஒவ்வொன்றோடும் ஒன்று சேர்த்துப் பெருக்குங்கள்: 5 × 3 × 3 = 45. முழு வர்க்கத்துக்கு வகுத்திகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகத்தான் வரும். உங்களுக்கு இரட்டைப்படை வந்தால் எங்கேயோ தப்பு.

கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு பகாக் காரணிக்கும் தனியாகக் கூட்டிப் பெருக்க வேண்டும். 3-க்கு 1 + 3 + 9 + 27 + 81 = 121. 37-க்கு 1 + 37 + 1369 = 1407. 333667-க்கு வர்க்கம் வேண்டும். நேரடியாகப் பெருக்காமல், மூன்று மடங்கான 1001001-ஐ வர்க்கமாக்குங்கள், 1002003002001 வரும். அதை 9-ஆல் வகுத்தால் 111333666889. அதோடு 333667-ஐயும் 1-ஐயும் சேர்த்தால் 111334000557. மூன்றையும் பெருக்கினால் 18954279592827579.

இதில் அந்த எண்ணும் ஒரு வகுத்தியாகச் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் 6608600605173258. இது எண்ணைவிடக் குறைவு, பாதியைவிடச் சற்றே அதிகம். 6, 28 போன்ற எண்களில் இந்தத் தொகை எண்ணுக்கே சமமாக வரும். நம் எண் அந்த வகை கிடையாது. சார்ட்டில் எந்தத் தொகை, எண்ணைச் சேர்த்ததா சேர்க்காததா என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் பார்க்கிறவர்கள் உங்கள் விடை தப்பு என்று நினைப்பார்கள்.

பெரிய பெருக்கலைச் சரிபார்க்க ஒன்பதைத் தள்ளும் முறை, அதாவது 9-ஆல் வகுத்தால் வரும் மீதிகளை மட்டும் பெருக்கி ஒப்பிடுவது, போதும். அதோடு 11-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 121-இல் 11 இருப்பதால் விடையும் 11-ஆல் வகுபட வேண்டும், 1407-இல் 7 இருப்பதால் 7-ஆலும் வகுபட வேண்டும். விடையை மூன்று மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தோம்: 579 − 827 + 592 − 279 + 954 − 18 = 1001. 7 × 11 × 13! அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

படி 7: பொதுக் காரணி இல்லாதவை எத்தனை (15 நிமிடம்)

1-இலிருந்து நம் எண் வரை, அதோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது ஆய்லரின் கணக்கு. ஒவ்வொரு பகாக் காரணிக்கும் ஓர் அடுக்கைக் குறைத்து, பகா எண்ணில் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் போதும். (27 × 2) × (37 × 36) × (333667 × 333666) = 8007983991992016. அதிகம் விளக்க வேண்டாம், சார்ட்டில் ஒரு வரி போதும்.

படி 8: இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதுங்கள் (20 நிமிடம்)

பகாக் காரணிகளை 4-ஆல் வகுத்து மீதி பாருங்கள். 3-க்கு மீதி 3, 333667-க்கும் மீதி 3. 37-க்கு மட்டும் மீதி 1. மீதி 1 வருவதை மட்டும்தான் இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடியும். மற்ற இரண்டும் வெளியே பெருக்கலாக நிற்கும்.

37² = 12² + 35². வெளியே நிற்பது 9 × 333667 = 3003003. அதால் 12-ஐயும் 35-ஐயும் பெருக்குங்கள். 36036036, 105105105. ஆகவே

36036036² + 105105105² = 111111111²

அதாவது 36036036, 105105105 என்ற இரு பக்கங்களும் 111111111 என்ற கர்ணமும் கொண்ட செங்கோண முக்கோணம். பூஜ்யம் இல்லாமல் இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க இந்த ஒரே வழிதான். பிதாகரஸ் தேற்றம் படித்த எந்தப் பிள்ளைக்கும் இது உடனே புரியும், அதனால் இதற்கு ஒரு படமும் வரைந்தோம். 12, 35, 37 முக்கோணத்தை வரைந்தால் போதும், வடிவம் அதேதான்.

படி 9: 1-ஐ இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள் (அரை மணி நேரம்)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கால்குலேட்டரில் 0.000000000000000081 என்ற மாதிரி ஏதோ வரும், அதோடு நின்றுவிடும். கையால் தொடர்ந்து, ஒன்பது ஒன்பது இலக்கமாகப் பிரித்து எழுதுங்கள்:

0.000000000 000000081 000000162 000000243 000000324 ...

எண்பத்தொன்றாம் வாய்ப்பாடு! 81, 162, 243, 324 என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நம் எண் 999999999-இன் வர்க்கத்தை 81-ஆல் வகுத்தால் வருவது, அதனால்தான் இப்படி. வாய்ப்பாடு 81 × 12345679 = 999999999 வரை போய் நிரம்புகிறது, அங்கே அடுத்த துண்டிலிருந்து வரும் ஒன்று மேலேறி எல்லாம் பூஜ்யமாகி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த ஏற்றத்தால் கடைசித் துண்டு 999999918-க்குப் பதில் 999999919 என்று விழும். மொத்தம் 12345679 துண்டு, துண்டுக்கு ஒன்பது இலக்கம். பெருக்கினால் திரும்பும் நீளம் 111111111 இலக்கம். எண்ணின் வர்க்கமூலமே அதன் தசமத்தின் நீளமாக வந்து நிற்கிறது.

பக்கத்துக்கு 3000 இலக்கம் என்று அச்சடித்தால் ஒரு சுற்று முடிய 37 ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆகும். அச்சடிக்க முயல வேண்டாம், முதல் ஐந்து துண்டும் கடைசித் துண்டும் போதும்.

படி 10: சார்ட் எழுதும் முன் (ஒரு மாலை)

இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சார்ட்டிலிருந்து வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பதிவுத் தாளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் நகலெடுக்கும்போது 111334000557-இல் ஒரு பூஜ்யத்தை விட்டிருந்தோம், இப்படித்தான் பிடிபட்டது. பென்சிலில் எழுதி, படித்து முடித்த பிறகே ஸ்கெட்ச் பேனா.

பைத்தான் தெரிந்தவர்கள் இந்தக் கட்டத்தில் ஒரு தடவை எல்லா விடையையும் ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸ் கணினி இருந்தால் ஃபேக்டர் என்ற கட்டளை ஒரு நொடியில் 3 3 3 3 37 37 333667 333667 என்று காட்டிவிடும். இதை முதலிலேயே ஓட்டியிருக்கலாமே என்று தோன்றும். ஓட்டலாம்தான், ஆனால் காரணிகள் எப்படி வந்தன என்று சார்ட் முன்னால் நின்று பிள்ளை சொல்ல வேண்டும் அல்லவா? கையால் செய்த பிள்ளைக்குத்தான் அது வரும்.

முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிப்பதால் இதை விகடகவி எண் என்று தலைப்பில் போட்டோம். எல்லாருக்கும் உடனே புரிந்தது.

கடைசியாக, கட்டாயம் வரும் ஒரு கேள்விக்கு விடையைத் தனிச் சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள். "ஒன்பது ஒன்றுக்கு இப்படி வருகிறது, பத்து ஒன்று போட்டு வர்க்கமாக்கினால்?" என்று கேட்பார்கள். கேட்பவர்களே 12345678910987654321 என்று விடையும் சொல்லிவிடுவார்கள். அது தப்பு. நடுவில் பத்து வரும்போது ஒன்று மேலேறிவிடும். 1111111111² = 1234567900987654321. எங்களிடம் ஒரே காலையில் மூன்று பேர் கேட்டார்கள், மூன்றாவது ஆள் கேட்கும்போது மகள் சீட்டைப் பார்க்காமலே எழுதிக் காட்டினாள்.